தண்ணீர் போகிற ஓட்டையில் அடைத்த துணி

மதுரையில் எங்கள் வீடு இருக்கிற கோச்சடையில் நேற்று ஒருவர் மொட்டை மாடியிலிருந்து விழுந்துவிட்டாராம். தளம் ரிப்பேர் பார்க்கிற ஆளாம். பாலமுரளிதான் போனில் சொன்னான். என் சித்தப்பா மகன், என்னைப் போலவே டொராண்டோவில் இருப்பவன். அவனுக்கு மதுரையிலிருந்து மச்சான் சொன்னது. மச்சானுக்கு பஸ்ஸில் யாரோ சொன்னது. பேர் தெரியாது, வீடு தெரியாது.

"மதுரையில தளம் பாக்குறது ஒரே ஆளாக்கா? சும்மா பயந்துக்கிட்டு" என்றான்.

எனக்குத் தெரிந்தது ஒரே ஆள்தான். பேச்சிமுத்து.

சோழவந்தான் பக்கத்துக் கிராமம். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் நாற்று நட்டவர்கள். அவர் பதினேழு வயதில் மதுரைக்கு வந்து சுண்ணாம்புக் கலவை சுமந்தார், பிறகு தளம் பார்க்கக் கற்றார். செருப்பைக் கழற்றிவிட்டு, கொத்துக் கரண்டிக் காம்பால் தட்டோடுகளை ஒவ்வொன்றாகத் தட்டிக்கொண்டே நடப்பார். 'பொக்கு' என்று சத்தம் வந்தால் அங்கே கரியால் ஒரு கோடு. கோடு விழுந்த ஓடுகளைப் பெயர்த்து, புதிதாகப் பதித்துப் பூசுவார். "ஊரு மாடியெல்லாம் ஒனக்குத் தெரியும், நமக்குத்தான் ஏறிப் பாக்க ஒரு மாடியக் காணோம்" என்று அவர் மனைவி ராமக்காள் குத்திக் காட்டுவாளாம். அதைச் சொல்லிச் சிரிப்பார்.

வேலை முடிந்ததும் தண்ணீர் போகிற ஓட்டையில் பழைய துணியைச் சுருட்டி அடைத்து, மாடி முழுக்கத் தண்ணீர் கட்டுவார். மூன்று நாள் நிற்க வேண்டும். கீழே கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பது அவர் இல்லை, நான். எட்டு வயதில் ஆரம்பித்தது. நான் அறை அறையாக அண்ணாந்து பார்த்துக்கொண்டு போக, மேலிருந்து குரல் வரும்: "பாணி வருதா பாப்பா? நல்லாப் பாத்துச் சொல்லு." பாணி என்றால் எங்கள் சௌராஷ்டிர பாஷையில் தண்ணீர். அதை எங்களிடமிருந்துதான் பிடித்துக்கொண்டார்.

அவரே ஏன் உள்ளே வந்து பார்க்கவில்லை என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. பின்கட்டுச் சுவரில் அவருக்கென்று ஒரு டம்ளர் தனியாகக் கவிழ்ந்திருக்கும். காலேஜ் போன பிறகுதான் அதற்கும் இதற்கும் உள்ள சம்பந்தம் எனக்குப் புரிந்தது. புரிந்த பிறகும் நான் அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

அப்பா போன பின், இந்த ஏப்ரலில் அம்மாவைக் கூட்டிவர ஊருக்குப் போனேன். பூட்டிக் கிடக்கப்போகிற வீடு என்பதால் கடைசியாகத் தளம் பார்க்கச் சொன்னோம். தண்ணீர் கட்டி மூன்றாம் நாள் அம்மா, "உள்ள வந்து நீங்களே பாருங்களேன்" என்றாள். அவர் வாசலில் நின்றபடி, "பாப்பா பாத்தாப் போதும்மா. நீங்க சொன்னாச் சரிதான், பாப்பா" என்றார். எனக்கு நாற்பது வயது. 'நீங்க' சேர்ந்திருந்தது, 'பாப்பா' போகவில்லை.

ஈரம் இல்லை என்றேன். "அப்ப சாயங்காலம் அந்தத் துணிய எடுத்துவிட்டுருங்க. நான் பஸ்ஸுக்குப் போறேன்" என்றார்.

பெட்டி கட்டுகிற அவசரத்தில் நான் எடுக்கவில்லை. ஏழு மாதம் கழித்து, மதுரையில் விடாத மழை என்று டிவியில் பார்த்தபோதுதான் நினைவு வந்தது. அவர் வீட்டில் போன் கிடையாது. அவர் ஊரில் சோலையம்மாள் கடை நம்பர்தான். முந்தாநாள் கூப்பிட்டேன். கடைக்காரம்மா ஆள் அனுப்பி வரவழைத்தார்.

"அண்ணே, அந்தத் துணிய நான் எடுக்கல."

"ஏப்ரல்லருந்தா? சரியாப்போச்சு" என்று சிரித்தார்.

"மழை விட்டதும் போய்ப் பாருங்கண்ணே."

"விட்டபெறகு போயி என்னத்தப் பாக்க? இம்புட்டு மழைக்குத் தண்ணி நின்னா தளம் தாங்குமா? காலையில மொத பஸ்ஸுக்குப் போறேன்."

எங்கள் மாடிக்கு வெளிப்பக்கமாகவே படி உண்டு; கைப்பிடிச் சுவர் முழங்கால் உயரம். அந்த ஓட்டை தெருப்பக்க மூலையில், சுவரடியில். பாசி வழுக்கும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவருக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன்.

அம்மா அடுப்படியில் இருக்கிறாள். இன்னும் சொல்லவில்லை. இங்கே காலை எட்டு என்றால் அங்கே சாயங்காலம் ஆறரை. கடை திறந்திருக்கும் நேரம்தான், போன் போடுகிறேன். சோலையம்மாள் எப்போதும் மூன்றாவது மணியில் எடுத்துவிடுவார்.

ஒன்பதாவது மணி அடிக்கிறது.