பானையின் அடியைத் தூக்கினேன்

எங்கள் ஆபீஸில் பொங்கல் வாழ்த்து என்றால் முந்தின நாள் பஞ்சாபிகளின் லோஹ்ரிப் பண்டிகைக்கு அனுப்பிய வாழ்த்துதான். அதே தீமூட்டம், அதே வேர்க்கடலை, கீழே எழுத்து மட்டும் மாறியிருக்கும். தில்லிக்கு வந்த நாளாய் ஒவ்வொரு ஜனவரியும் அதைப் பார்த்து எனக்கு வயிறு எரியும். போன வருஷம் பொறுக்க முடியாமல் மேலாளரிடமே போனேன். பொங்கலுக்கென்று போனில் ஆடுகிற மாதிரி ஒரு சின்ன விளையாட்டு செய்து தருகிறேன், அதையே எல்லாருக்கும் அனுப்பலாம் என்றேன்.

"அச்சா, செய்யுங்க. லோஹ்ரி அன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள முடியலைன்னா பழைய படம்தான் போகும்" என்றார் அவர் சிரித்தபடி. அந்தச் சிரிப்புக்காகவே முடித்துக் காட்ட வேண்டும் என்றிருந்தது.

விளையாட்டு எளியது. திரையைத் தட்டத் தட்ட அடுப்பு எரியும், பானையில் பால் ஏறும், பொங்கி வழிந்ததும் வாழ்த்து வரும். அதைச் செய்ய நான் எடுத்த மென்பொருள்தான் அரைவேக்காடு. இணையத்திலேயே இயங்குகிற புதுச் சரக்கு, இன்னும் சோதனையில் இருந்தது. அதில் செய்த எந்தப் பாத்திரத்திலும் தண்ணீர் நிற்காது, விளிம்பைத் தாண்டித் தானாக வழியும். பயன்படுத்தியவர்கள் எல்லாம் திட்டித் தீர்த்திருந்தார்கள். எனக்கோ வாயெல்லாம் பல். வழிவதுதானே எனக்கு வேண்டும்?

செய்ததைச் சோதித்துப் பார்க்கிற சக ஊழியர், இங்கேயே பிறந்து வளர்ந்த பஞ்சாபிக்காரர், முதல் நாளே பிழை அறிக்கை அனுப்பிவிட்டார்: 'பால் கொட்டுகிறது. உடனே சரிசெய்யவும்.'

"வருஷம் முழுக்கப் பால் பொங்கிடாம காவல் நிப்போம். அன்னிக்கு ஒரு நாள்தான் பொங்கட்டும்னு நிப்போம்" என்று விளக்கினேன்.

"எங்க வீட்டுல கொட்டினா அம்மா அடிப்பாங்க" என்றார். அறிக்கையை அவர் திரும்பப் பெறவில்லை.

நான் ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் மஞ்சள் கொத்து வாங்கி, படம் பிடித்து, திரையில் இருந்த பானையின் கழுத்தில் கட்டினேன். அதோடு வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

லோஹ்ரி அன்று மதியம் கடைசியாக ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். பால் ஏறியது, விளிம்புக்கு வந்தது, நின்றுவிட்டது. எத்தனை தட்டியும் சொட்டுக்கூட வழியவில்லை. மென்பொருள்காரர்கள் அன்று பார்த்து அந்தக் கோளாறைச் சரிசெய்திருந்தார்கள்! பாத்திரம் நிறைந்ததும் மேற்கொண்டு ஊற்றவே விடவில்லை. பழைய பதிப்புக்குத் திரும்பவும் வழியில்லை. ஒரு பிழை சரியானதற்காக அழுகை வந்தது அன்றைக்கு எனக்கு மட்டும்தான் இருக்கும்.

மேலாளர் எட்டிப் பார்த்தார். "பழைய படத்தை எடுத்து வைக்கவா?"

"சாயங்காலம் ஆகட்டும் சார்" என்றேன் கடுப்பாக.

திரையை முறைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். இன்னும் பால் ஊற்ற முடியாது, சரி. இருக்கிற பாலுக்கு இடமில்லாமல் செய்தால்? பானைக்குள் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு அடிப்பாகத்தை வைத்தேன். ஒவ்வொரு தட்டுக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாக மேலே வரும்படி செய்தேன். போக்கிடம் இல்லாத பால் என்ன செய்யும்? விளிம்பில் குவிந்தது, ஒரு கணம் தயங்கியது, நாலு பக்கமும் வழிந்து மஞ்சள் கொத்தை நனைத்தது. முன்பு சும்மா ஒழுகிக்கொண்டிருந்த பால் இப்போது நிஜமாகவே பொங்கியது. சந்தோஷத்தில் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டேன்.

மறுநாள் பொங்கல். தில்லியில் அதற்கு லீவு ஏது? வீட்டில் சர்க்கரைப் பொங்கலை இறக்கி வைத்துவிட்டு, துவாரகாவில் மெட்ரோ பிடித்து ஆபீஸுக்குப் போனேன். உள்ளே போனால் எல்லார் விரலும் போனைத் தட்டிக்கொண்டிருந்தது. பஞ்சாபிக்காரரின் திரையில் பால் வழிந்தது. அவர் இரண்டு கையையும் தூக்கி, திரையில் வந்ததைப் படித்து, "பொங்கலோ பொங்கல்!" என்று கத்தினார்.

"பால் கொட்டுதே, அறிக்கை எங்கே?" என்றேன்.

"கொட்டட்டும்!" என்றார்.

மேலாளர் தானே என் மேசைக்கு வந்தார். "ரொம்ப நல்லா வந்திருக்கு. அடுத்த வருஷம் லோஹ்ரிக்கும் இப்படி ஒண்ணு செஞ்சுடுங்களேன்."

"எதுக்கு சார்? இதுலயும் தீ எரியுதே. கீழே எழுத்தை மட்டும் மாத்திக்கலாம்."

முதலில் விழுந்து விழுந்து சிரித்தவர், லோஹ்ரியைத் தன் பண்டிகையாகக் கொண்டாடுகிற அந்தப் பஞ்சாபிக்காரர்தான்.