குற்றாலத்துக்குக் குளிக்கப் போன அக்கா

ஓராண்டு நினைவுக்கு வந்திருக்கும் சொந்தங்களே, நண்பர்களே, அக்காவைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். அக்கா இறந்த பிறகும் ஆறு மாதத்துக்கு மேல், ஒரே ஒரு நோட்டில் மட்டும் அவரை உயிரோடு வைத்திருந்தேன்.

அக்கா பிறந்தது கீழப்பாவூர். வாக்கப்பட்டது தென்காசி. அத்தான் வளைகுடாவில் இருந்த வருடங்களில், கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் வளையல் கடை போட்டு மகளைத் தனியாளாகப் படிக்கவைத்தார். மார்பில் புற்றுநோய் என்று மருத்துவர் சொன்ன அன்று மயங்கி விழுந்தது நான்தான். கண் விழித்தபோது கட்டிலில் நான் கிடந்தேன், அக்கா விசிறிக்கொண்டிருந்தார்.

"ஏலே, சீக்கு யாருக்குலே? எந்திரி, இது எனக்குப் போட்ட கட்டில்."

அறுவைக்குப் பிறகு இடக்கை வீங்கியது. அதில் வளையல் போடக் கூடாது என்றுவிட்டார்கள். வளையல்காரியின் கை வெறுங்கையாக இருந்தால் யார்தான் கேட்க மாட்டார்கள்? நாங்களெல்லாம் 'கட்டி' என்று மென்று விழுங்கியதை, அக்கா கேட்டவர்களிடம் பெயர் சொல்லியே சொன்னார்.

அப்போதுதான் அந்த ஆஸ்பத்திரியின் இளம் பெண் மருத்துவர் பழக்கமானார். சிகிச்சை முடிந்து ஊர் திரும்பும் பெண்கள் என்ன ஆகிறார்கள், யார் பாதியில் நிறுத்துகிறார்கள் என்பது அவருடைய முதல் ஆராய்ச்சி. உதவிக்கு ஆள் கிடையாது, வண்டி கிடையாது. வேலை முடிந்ததும் நோட்டைத் தூக்கிக்கொண்டு சுரண்டை பஸ்ஸில் ஏறுவார். பெண்ணுக்கு வரன் பார்க்கும் வீடுகளில், சீக்கு வெளியே தெரிந்துவிடும் என்று கதவைச் சாத்தினார்கள். அக்கா கடையில் ஒரு ஸ்டூலைப் போட்டார்.

"ஏட்டி, இங்கன உக்காரு. ஆஸ்பத்திரியில வாயத் தெறக்காதவ வளையல் போடுத நேரத்துல எல்லாத்தையும் சொல்லுவா."

சொன்னார்கள். அவர்கள் சம்மதித்ததை மட்டும் மருத்துவர் எழுதிக்கொண்டார். ஆறு மாதத்துக்கு ஒருமுறை போனில் நலம் கேட்பார். ஒரு வீட்டில், இறந்துபோனவரை 'ஊருக்குப் போயிருக்கா' என்று சொல்லிவிட்டார்கள். அக்காவுக்கு வந்த கோபம்!

"செத்தவள உசுரோட எழுதினா, அடுத்து வாரவளுக்கு எந்த வைத்தியம் கேக்கும்னு இந்தப் புள்ளைக்கு எப்படிலே தெரியும்?"

பிறகு நோய் ஈரலுக்குப் போனது. மருத்துவர் அப்போது மேல்பயிற்சிக்குச் சென்னை போயிருந்தார். அவருக்குச் சொல்ல அக்கா விடவில்லை. "படிக்கப் போன புள்ளைய இழுக்காத. எல்லாம் முடிஞ்சதும் நீதான் சொல்லணும். பயந்து ஒளறிராத, என்ன?" தலையில் அடித்துச் சத்தியம் செய்தேன். ஆடியில் அக்கா போய்விட்டார்.

பதினாறாம் நாள் முடிந்த வாரம், அக்காவின் போன் அடித்தது. நான் எடுத்தேன்.

"அண்ணாச்சி, அக்கா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காவ டாக்டரம்மா. சீசன்லா, குற்றாலத்துக்குக் குளிக்கப் போயிருக்காவ."

வாய் என்னுடையதுதான், யார் பேசியது என்று தெரியவில்லை. அதற்குப் பிறகு இரண்டு முறை அந்தப் போன் அடித்தது. எடுக்காமல் மொட்டை மாடிக்கு ஓடினேன், போன் துரத்தி வரும் என்பதுபோல.

மாசியில் என் போனுக்கே அழைத்தார். நான் மறுபடியும் குற்றாலம் என்றேன்.

"அண்ணாச்சி, மாசியில அருவியில பாறைதான தெரியும். இப்ப யாரு குளிக்கப் போவா?"

போனை அடுத்த காதுக்கு மாற்றினேன்.

"அடுத்த வாரம் என் ஆராய்ச்சிய எல்லாரு முன்னாலயும் வாசிக்கணும். அக்காவ நல்லா இருக்கிறவங்க வரிசையில எழுதி வச்சிருக்கேன்."

"அக்கா இறந்துட்டாவ டாக்டரம்மா."

அதை நான் வாய்விட்டுச் சொன்னது அப்போதுதான். சடங்கெல்லாம் முடித்தவன் அன்றுதான் அழுதேன். அந்தப் பக்கமும் அழுகை. பிறகு மெதுவாக, "தேதி சொல்லுங்க அண்ணாச்சி" என்றார். சொன்னேன். பேனா எழுதும் சத்தம் போனில் கேட்காது என்பார்கள், எனக்குக் கேட்டது.

கடைசி நாட்களில் அக்காவைத் தூக்கி உட்காரவைத்த பக்கத்து வீட்டாருக்கும், சோறு கொடுத்துவிட்ட கடைத்தெரு அண்ணாச்சிமாருக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டது. மருத்துவர் தென்காசிக்குத் திரும்பிவிட்டார். கடையை இப்போது நான் பார்க்கிறேன். ஸ்டூல் அதே இடத்தில்தான் இருக்கிறது. உங்கள் வீட்டுக்கும் அவர் அழைக்கக்கூடும். உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். தயவுசெய்து யாரையும் குற்றாலத்துக்கு அனுப்பிவிடாதீர்கள்.