அக்கா அடித்த எழுத்து

என் வலது மணிக்கட்டில் விரல் அகலத்துக்கு ஒரு தோல் பட்டை இருக்கிறது. அதில் இங்கிலீஷில் ஒரு மருந்தின் பெயர், கீழே 'கூடாது' என்று ஒரு சொல். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, சுண்ணாம்புத் தொட்டியில் இறங்கி, பிறகு ஆம்பூரில் தோல் பதனிடும் டேனரி சொந்தமாக வைத்தவன் நான். என் தோல் வெளிநாட்டில் பூட்ஸாக நடக்கிறது. தங்கக் காப்பு போட வேண்டிய கையில் இது இன்னா என்று கேட்பவர்களுக்கு என் அக்காவைப் பற்றித்தான் சொல்வேன்.

அக்காவுக்கு வேலூரில் பித்தப்பை ஆபரேஷன் நடந்தது. மயக்கம் கொடுக்கும்போது உடம்பைத் தளர்த்த ஒரு ஊசி போடுவார்களாம். மற்றவர்களுக்குச் சில நிமிஷத்தில் அது கரைந்துவிடும். அக்காவுக்குக் கரையவில்லை. மதியமே ஆபரேஷன் முடிந்தும் தானாக மூச்சு வரவில்லை. விளக்கு வைக்கும் நேரம் வரை டாக்டர் பக்கத்தைவிட்டு நகராமல், மெஷினை வைத்து மூச்சு கொடுத்துக் காப்பாற்றினார். "நடுவுல எனக்கு நெனப்பு வந்துடுச்சுடா. பேசறதெல்லாம் கேட்டுச்சு. கண்ணைத் தொறக்கத்தான் முடியல," என்று அக்கா பின்னால் சொன்னாள்.

அந்த மருந்தைக் கரைக்கிற சத்து அக்கா ரத்தத்தில் சரியாக இல்லையாம். அப்பா, அம்மா இரண்டு பேர் வழியாகவும் வந்த குறை என்றார் டாக்டர். கூடப் பிறந்தவர்களையும் பிள்ளைகளையும் ரத்தம் பார்க்கச் சொன்னார். தம்பிக்கு ஒன்றுமில்லை. எனக்கு இருந்தது. அக்காவைத் தாய்மாமனுக்கே கட்டிக் கொடுத்திருந்தோம். அவள் மகளுக்கும் இருந்தது. ஒரே வயிற்றில் பிறந்தவர்களுக்குள் இப்படி ஒரு வித்தியாசமா என்று மற்றவர்கள் திகைத்தார்கள். எனக்குத் திகைப்பில்லை. தோல் பதனிடுகிற ஒரே டிரம்மில், ஒரே தண்ணியில் சுற்றினாலும் ஒரு தோல் பட்டு மாதிரி வரும், இன்னொன்று விறைத்து நிற்கும். என்னை உறுத்தியது வேறு. வீடு, கம்பெனி, பேர் எல்லாம் நானே சம்பாதித்தது என்று மார்தட்டுகிறவன் நான். அப்பா எனக்கு ஒன்றும் வைக்கவில்லை என்று நினைத்திருந்தேன். வைத்துத்தான் இருந்தார்.

டிரம்மில் காகித அட்டை நிற்காது என்பதால் பச்சைத் தோலின் ஓரத்திலேயே அடையாளம் குத்தித்தான் உள்ளே போடுவோம். "தோலுக்கெல்லாம் குத்துறியே, எங்களுக்கும் ஒண்ணு குத்தித் தாடா," என்றாள் அக்கா. நான் நல்ல தோலாகப் பார்த்து வெட்டிக் கொடுத்தேன். எட்டாவது படித்தவள் அவள்தான். டாக்டர் சீட்டைப் பார்த்துப் பார்த்து, அச்சு வைத்துச் சுத்தியலால் எழுத்துகளை அடித்தாள். மூன்று பட்டை.

அக்கா மகளைப் பெண் பார்க்க அரக்கோணத்திலிருந்து ஆட்கள் வந்த அன்று, அவள் கையில் பட்டையைப் பார்த்து எங்கள் அத்தை பதறினாள்.

"இன்னைக்கு ஒரு நாள் அதைக் கழட்டு. பார்த்தா இன்னா நினைப்பாங்க? மாப்பிள்ளை போய்ட்டா?"

"இந்த மாப்பிள்ளை போனா வேற மாப்பிள்ளை வருவான், அத்தை. மூச்சு போனா?" என்றாள் அக்கா.

தாயத்தா என்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டதும் அக்கா ஒன்றுவிடாமல் சொன்னாள். சொல்லி அனுப்புகிறோம் என்று எழுந்து போனவர்கள் சொல்லி அனுப்பவே இல்லை. மகள் அம்மாவோடு கொஞ்ச நாள் பேசவில்லை. அப்புறம் சத்துவாச்சாரியில் நல்ல இடம் அமைந்தது. தலைப்பிரசவத்தில் அவசரமாகக் கத்தி வைக்க வேண்டி வந்தபோது நினைவு தப்பி அவளுக்குப் பேச்சே இல்லை. பேசியது அந்தப் பட்டைதான். டாக்டர் படித்துவிட்டு வேறு மருந்து போட்டார். தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். பேரனைப் பார்த்துவிட்டுத்தான் அக்கா கண்ணை மூடினாள்.

போன மாசம் எனக்குக் குடலிறக்க ஆபரேஷன். மோதிரம், வாட்ச், செயின் எல்லாவற்றையும் கழற்றி மகனிடம் கொடுத்தேன். நர்ஸ் பொண்ணு பட்டையில் கை வைத்தபோது, "அது இருக்கட்டும்மா," என்றேன். மயக்க டாக்டர் குனிந்து படித்தார்.

"வேற மருந்து இருக்குது ஐயா, பயப்படாதீங்க. நல்ல தோலா இருக்கே, யார் செஞ்சது?"

என் தோலைப் பற்றிக் கேட்டால் அரை மணி நேரம் பேசுகிறவன் நான்.

"தோலு என்னுது டாக்டர். எழுத்து எங்க அக்காவுது."