எண்ணெய் தேய்த்துக்கொண்டு கடலுக்குப் போனோம்

அப்பாவை ஊருக்குக் கூட்டிக்கொண்டு வருவதற்காகத்தான் அம்மாவும் நானும் அந்தமானுக்குப் போனோம். தென்காசியில் கேட்டவர்களிடமெல்லாம் அம்மா, "சும்மா சுத்திப் பாக்கப் போறோம்" என்று சொல்லிவைத்திருந்தாள். அங்கே ஒரு சின்னத் தீவில், கடற்கரையை ஒட்டிய விடுதியில் அப்பா சமையல்காரர். அந்தக் கடல் அப்படி ஓர் அமைதி. கைக்குழந்தையோடு வந்தவர்கள்கூட முழங்கால் தண்ணீரில் பயமில்லாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

போன மறுநாள் காலையில் அம்மா எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை நல்லெண்ணெய் தேய்த்தாள். தானும் தேய்த்துக்கொண்டாள். குற்றாலத்துப் பக்கத்துக்காரர்களுக்குக் குளிக்கப் போவது என்றால் அப்படித்தான். அருவி அடிக்கிற அடியில் எண்ணெய் தானாகப் போய்விடும். அந்தக் கடலோ யாரையும் அடிப்பதாக இல்லை. எண்ணெய் போகாதது மட்டுமில்லை, கரையில் இருந்த மணலெல்லாம் எங்கள்மேல் ஏறிக்கொண்டது. மாவில் புரட்டிய வாழைக்காய்போல நின்ற எங்களை அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அப்பா வயிறு குலுங்கச் சிரித்தார்.

"என்னட்டி, இங்கன என்ன ஐந்தருவியா கொட்டுது?"

அம்மாவும் சிரித்தாள். இருவரும் சேர்ந்து சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். வந்த வேலை முடிந்துவிட்டது என்றே நினைத்துக்கொண்டேன்.

விடுதியில் கூட்டம். அப்பா ஊரார் பிள்ளைகளுக்குத் தோசை வார்த்தார், மீனில் முள் எடுத்துக் கொடுத்தார். மணல் வீடு கட்ட அந்தப் பிள்ளைகளுக்கு அவரவர் அப்பாக்கள் இருந்தார்கள். நான் தனியாகக் கட்டினேன். பார்க்க யாரும் வராததால் நானே இடித்தேன். அழுகை வந்தது. அத்தனை பேர் நடுவில் அழவும் வெட்கமாக இருந்தது.

கிளம்புவதற்கு முந்தின நாள் அம்மா கேட்டேவிட்டாள்.

"குத்தாலத்துல சீசன் தொடங்கப் போகுது. எங்ககூட வந்துருங்க. பிள்ள தெனமும் கேக்குது."

"பாப்போம்" என்றார் அப்பா. வருகிறேன் என்பதைத்தான் பெரியவர்கள் அப்படிச் சொல்வார்கள் என்று எடுத்துக்கொண்டேன்.

மறுநாள் கப்பலடிக்கு வந்தவர் என் கையில் ஒரு பெரிய துணிக்கடைப் பையைக் கொடுத்தார். உள்ளே கவுன், பாவாடை சட்டை, சுடிதார் என்று ஒன்றைவிட ஒன்று பெரிதாக இருந்தது. கப்பலில் ஒவ்வொன்றாக மேலே வைத்துப் பார்த்தேன். ஒரு கவுன்தான் சரியாக இருந்தது. சுடிதாருக்குள் என்னைப்போல இரண்டு பேர் நுழையலாம்.

"அப்பாக்கு என் அளவே தெரியலம்மா" என்று சிரித்தேன்.

அம்மா எல்லாவற்றையும் வாங்கி மடித்து, பெரியதை அடியில் வைத்தாள். பத்தாம் வகுப்புப் படிக்கும்போது அந்தச் சுடிதார் எனக்கு அளவெடுத்துத் தைத்ததுபோல இருந்தது.