பாவாயி அத்தை சொல்லாத 'வாரேன்'

டயர் செருப்பு மண்ணில் சரக் சரக்கென்று உரசிக்கொண்டு போகும் சத்தம்தான் பாவாயி அத்தையை நினைத்தால் முதலில் என் காதில் விழுகிறது. மற்றவர்கள் ஒரு வீட்டை விட்டுக் கிளம்பினால் பேச்சுச் சத்தம் கேட்கும். "வாரேனுங்க", "போயிட்டு வாரேன் சாமி" என்று வாசலிலேயே கால் மணி நேரம் ஓடும். பனமரத்துப்பட்டியில் ராசப்பப் பெரியப்பா வீட்டிலிருந்து அத்தை கிளம்பும்போது மட்டும் அந்தச் செருப்புச் சத்தத்தைத் தவிர வேறெதுவும் கேட்காது.

எங்கள் பக்கத்தில் சொல்லிக்கொள்ளாமல் கிளம்புவது இழவு வீட்டிலிருந்து மட்டும்தான். அங்கே போய் "வாரேன்" என்று சொன்னால் இன்னொரு இழவுக்கு வருகிறேன் என்று ஆகிவிடும் என்பதால், வாயை மூடிக்கொண்டு நடையைக் கட்டுவார்கள். எல்லோரும் உயிரோடு நன்றாக இருந்த ஒரு வீட்டிலிருந்து, வருடக்கணக்கில், ஒரு விசேஷம் விடாமல் போய், வயிறாரச் சாப்பிட்டு, அப்படிக் கிளம்பி வந்தவள் என் அத்தை.

அவள் என் அப்பாவின் அக்கா. கல்யாணமான இரண்டாம் வருடமே புருஷனைப் பறிகொடுத்து, வெள்ளைச் சேலையோடு மோகனூருக்குத் திரும்பி, தாய் தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்து, ஆற்றோரக் கரும்புக் காட்டைத் தானே நின்று பார்த்து, வெட்டாள்களும் லாரிக்காரர்களும் எதிர்ப்பேச்சுப் பேசப் பயப்படும்படி வாழ்ந்தவள். அந்தத் தம்பிக்குக் கல்யாணம் செய்து வைத்த அன்று, ஆசீர்வாதம் பண்ண ஒரு கை அரிசியோடு மணவறைப் பக்கம் அவள் வந்தபோது, பங்காளியான ராசப்பப் பெரியப்பா சபை நடுவே, "அந்த வெள்ளச் சீலைய அங்கிட்டே நிக்கச் சொல்லுங்க" என்றாராம். மணப்பெண்ணாக உட்கார்ந்திருந்த என் அம்மாவுக்கே அது கேட்டிருக்கிறது. அத்தை கையிலிருந்த அரிசியைக் கோழிக்குப் போட்டுவிட்டுப் பந்தியைக் கவனிக்கப் போய்விட்டாள்.

சண்டை போட்டிருந்தால் பெரியப்பா நிம்மதியாக இருந்திருப்பார். அத்தை போக்குவரத்தை நிறுத்தவே இல்லை. காதுகுத்தா, கெடா வெட்டா, முதல் பஸ்ஸில் போய் இறங்குவாள். கிளம்பும்போது மட்டும் வாய் திறக்க மாட்டாள். பெரியப்பா வாசல்வரை பின்னாலேயே வந்து, "ஏனுங்கக்கா, கெளம்பீட்டீங்களா" என்று கேட்டுப் பார்ப்பார். செருப்புதான் பதில் சொல்லும். அவருடைய மகளுக்கு இரண்டு முறை மாப்பிள்ளை அமைந்து தட்டிப்போனது. அது அத்தையின் வாயடைப்பால்தான் என்று அவர் நம்பினார். அத்தை அதை மறுக்கவும் இல்லை.

எனக்குப் பத்து வயதான கோடை விடுமுறையில் அந்தப் பகையை நான் கெடுத்தேன். பெரியப்பா வீட்டுக் கெடா விருந்து முடிந்து அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு கிளம்பியபோது, பழக்கதோஷத்தில், "வாரேனுங்க பெரியப்பா" என்று சொல்லிவிட்டேன். பெரியப்பாவுக்கு முகமெல்லாம் பல். "சாமி சொல்லீட்டா, போதும்" என்று என் தலையைத் தடவினார். நாமக்கல்லில் பஸ் மாறும்போது அத்தை, "உன்ற வாயி என்ற வாயி ஆவாது. இருந்தாலும் இன்னொருக்கா அந்த ஊட்டுல வாயத் தொறந்தீன்னா நாக்குல சூடு போட்ருவேன்" என்றாள்.

பத்தே நாளில் பெரியப்பாவின் மகளுக்கு மாப்பிள்ளை நிச்சயமானது. அத்தைக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. வெற்றிலைத் தட்டோடு அழைக்க வந்த பெரியப்பா உட்காராமலே நின்றார். "கொழந்த சொன்னதுக்கே இத்தன நல்லது நடந்திருக்குதுங்க. கல்யாணத்தன்னிக்கு உங்க வாயால ஒரு வார்த்த சொல்லீட்டுப் போங்கக்கா" என்றார். அத்தை பாக்கை மென்று முடித்துவிட்டுத்தான் பேசினாள். "மொதல் அரிசி நாந்தான் போடுவேன். மணவறையில நீயே கூப்புடோணும், சபையில எல்லாருக்கும் கேக்கறாப்புல. அப்பறம் பாக்கலாம்."

அவர் கூப்பிட்டார். குரல் கடைசிப் பந்தல்கால்வரை கேட்டது. வெள்ளைச் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அத்தை மணவறை ஏறி, முதல் அரிசியைப் போட்டு, அந்தப் பெண்ணின் கன்னத்தையும் வழித்து முத்தமிட்டாள். எத்தனையோ பேர் முகம் சுளித்தார்கள்.

சாப்பாடு முடிந்தது. பெரியப்பா கைகட்டிக்கொண்டு பந்தல் வாசலில் நின்றிருந்தார். அவரை நெருங்க நான்கு அடி இருக்கும்போது அத்தை சேலை மடியிலிருந்து ஒரு முழு லட்டை எடுத்து என் வாயில் திணித்தாள். மூச்சுவிடவே வழியில்லை, எங்கே பேசுவது? செருப்பை மாட்டிக்கொண்டு அவரைத் தாண்டி நடந்தாள். "அக்கா" என்று ஒரு முறை கூப்பிட்டார். நாங்கள் திரும்பவில்லை.

அந்தப் பெண் பிள்ளைகுட்டிகளோடு நன்றாகத்தான் வாழ்ந்தாள். ஆனால் அவளுக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் பெரியப்பாவுக்குத் தூக்கம் போய்விடும் என்று கேள்விப்பட்டபோதெல்லாம் அத்தை இன்னொரு கரண்டி சோறு போட்டுச் சாப்பிட்டாள். அவர் பாவமில்லையா என்று என்னைக் கேட்டால், இல்லை. இன்றுவரை எனக்குத் துளி வருத்தம் கிடையாது. அவர் செத்தபோது மட்டும் அத்தை தேம்பித் தேம்பி அழுதாள். "இனி எவங்கிட்டச் சொல்லாம வாரது சாமி" என்றாள். தொண்ணூறைத் தாண்டி, கடைசிவரை தன் துணியைத் தானே துவைத்துக்கொண்டிருந்துவிட்டு அவளும் போனாள்.

என் கணவர் இறந்து மூன்று வருடமாகிறது. போன ஆவணியில் சூரமங்கலத்தில் ஒரு மண்டபத்தில் என் தம்பி மகனுக்குக் கல்யாணம். நான் கலர்ப் பட்டுதான் கட்டியிருந்தேன். ஆசீர்வாதத்துக்குக் கூப்பிடும் நேரம் தம்பி மனைவி என் தோளை அணைத்து, "அண்ணி, டயர்டா இருப்பீங்க, போயி ஏசி ரூம்ல உக்காருங்க" என்றாள். அத்தனை அன்பாகச் சொன்னாள். தம்பி காதில் விழுந்தும் மாலையைச் சரி செய்துகொண்டிருந்தான்.

நான் அறைக்குப் போகவில்லை. முதல் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். பிறகு மண்டபத்தின் நட்டநடுவில், எல்லோரும் பார்க்கும்படி, ஒரு வார்த்தை சொல்லாமல் வெளியே நடந்தேன். வாசலில் சற்று நின்றும் பார்த்தேன். தம்பி போட்டோவுக்குச் சிரித்துக்கொண்டிருந்தான். பன்னீர் தெளிக்க நின்றிருந்த தம்பி மகள் மட்டும் போனிலிருந்து கண்ணெடுக்காமல் கையை ஆட்டி, "பை அத்தை" என்றாள்.