புதிய மாதிரிக் கையொப்பம்

மருத்துவ விடுப்பில் சென்ற ஊழியர் தகுதிச் சான்றிதழுடன் திரும்பி வந்தால், அவரைப் பணியில் சேர்த்துக்கொள்ள வேண்டும். சந்தேகம் இருந்தால் மருத்துவக் குழுவுக்கு அனுப்பலாம். வீட்டுக்கு அனுப்பலாம் என்று எந்த விதியும் இல்லை. என்னை வீட்டுக்கு அனுப்பினார்கள்.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. திருத்தணி சார்நிலைக் கருவூலத்தில் கணக்கராக இருந்தேன். வேலையில் பாதி, கையொப்பங்களை ஒப்பிடுவது. பில்லில் உள்ள கையொப்பத்தையும் எங்களிடம் உள்ள மாதிரிக் கையொப்பத்தையும் அருகருகே வைத்துப் பார்ப்பேன். ஒத்துப்போனால் மேலே போகும், இல்லாவிட்டால் திரும்பிப் போகும். வாலில் ஒரு சுழி குறைந்ததற்காகப் பள்ளிப்பட்டுத் தலைமையாசிரியர் ஒருவர் மறுபடி பஸ் ஏறி வர வேண்டியிருந்தது. என்னைப் பார்த்து ஏதோ தெலுங்கில் சொன்னார். எனக்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது.

நோய் வந்தது எனக்கே தாமதமாகத்தான் தெரிந்தது. துக்கம் என்று ஒன்று இருந்திருந்தால் கண்டுபிடித்திருப்பேன். அப்படி எதுவும் இல்லை. ஒரு நாள் அரக்கோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக ஸ்டேஷனில் நின்றேன். வண்டி வந்தது. ஏற வேண்டும் என்று தெரியும். ஏறவில்லை. அடுத்த வண்டியும் வந்து போயிற்று. போர்ட்டர் ஒருவர் பக்கத்தில் வந்தார்.

"யாருக்கோசரம் சார் நிக்கிறீங்க?"

"யாருக்காகவும் இல்லை."

"அப்ப இன்னாத்துக்கு காலையிலேர்ந்து நின்னுகினு இருக்கீங்க?"

நியாயமான கேள்வி. அவர்தான் வீட்டுக்கு ஆள் அனுப்பினார்.

மைத்துனன் என்னைச் சென்னைக்கு, பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனான். டாக்டர் அதிகம் பேசவில்லை. மனச்சோர்வு என்று எழுதினார். மாத்திரை தந்தார். அது வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும் என்றார். தொல்லைகளை மட்டும் அது முதல் நாளிலிருந்தே தொடங்கிவிட்டது. வாய் பஞ்சாகக் காய்ந்தது. இட்லியைக்கூடத் தண்ணீர் விட்டுத்தான் இறக்க வேண்டியிருந்தது. பேப்பரில் எழுத்துகள் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்கார்ந்தன. கை நடுங்கியது.

"நடுக்கம் குறையலாம். குறையாமலும் போகலாம். மாத்திரையை மட்டும் நீங்களா நிறுத்திடாதீங்க" என்றார் டாக்டர்.

சில வாரங்கள் கழித்து, சொன்னபடியே, ஒரு காலை எழுந்து குளித்தேன். யாரும் சொல்லாமல் குளித்தேன். மகிழ்ச்சி எல்லாம் இல்லை. குளித்தேன், அவ்வளவுதான். என் மனைவி அதைப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள் என்று நினைக்கிறேன். அன்றைக்கு அது எனக்கு ஒரு தகவலாகத்தான் பட்டது.

விடுப்பு முடிந்ததும் தகுதிச் சான்றிதழோடு அலுவலகம் போனேன். சேரும் அறிக்கையில் கையெழுத்திட்டேன். எங்கள் அதிகாரி என்னைவிட வயதில் சிறியவர், கெட்டவர் அல்ல. என் பணிப்பதிவேட்டை வரவழைத்தார். எங்கள் ஊர் ஆந்திராவிலிருந்து பிரிந்து தமிழ்நாட்டோடு சேர்ந்த வருஷம் நான் போட்ட கையொப்பம் அதில் கல்வெட்டு மாதிரி இருந்தது. அறிக்கையில் இருந்ததோ, ஓடுகிற பஸ்ஸில் யாரோ கிறுக்கியது போல இருந்தது.

"சர்ட்டிபிகேட் எல்லாம் சரியா இருக்கு. கையெழுத்துதான் சார் இடிக்குது. நாளைக்கு நீங்க பாஸ் பண்ற பில்லு பேங்குல நிக்கும். கை சரியாகட்டும், வந்து போட்டுக் குடுங்க."

அவர் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முயன்றேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் திருப்பித்தான் அனுப்பியிருப்பேன். கும்பிட்டுவிட்டு வந்தேன். அந்த நாற்காலி போனால் எனக்கு வேறு இடம் கிடையாது. அது மட்டும் நன்றாகத் தெரிந்தது. பயம்கூட வரவில்லை, தெரிந்தது.

மைத்துனன் பள்ளிப்பட்டில் தறி போட்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வந்தான். அக்கா புருஷன் என்பதால் என்னைப் பாவா என்றுதான் கூப்பிடுவான்.

"இன்னா பாவா, ஊரு கையெழுத்தெல்லாம் சரி பாத்துகினு இருந்தீங்க. இப்ப உங்களுதே சரியில்லன்றாங்களாமே. பேசாம கைநாட்டு வச்சிடுங்க."

"பி.ஏ. படிச்சவன் கைநாட்டு வைக்கக்கூடாது."

"விதியா?"

"இல்ல. மானம்."

அவன் சிரித்தான். நானும் சிரிக்க வேண்டிய இடம் என்று தெரிந்தது. அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "ரெண்டு நாளு மாத்திரைய வுட்டுடுங்க பாவா. கை நின்னதும் போயி போட்டுட்டு வந்துடுங்க. அப்பறம் முழுங்கிக்கலாம்."

இதைச் செய்யக்கூடாது என்று டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. ஆனாலும் விட்டேன். இரவு தூக்கம் போயிற்று. ஆனால் சில நாளில் கை நின்றது. வெள்ளைத் தாளில் போட்டுப் பார்த்தேன். சுழி, வால், கீழே இரண்டு புள்ளி, எல்லாம் பழையபடி. பள்ளிப்பட்டுத் தலைமையாசிரியரே வந்தாலும் குறை சொல்ல முடியாது.

தாளை எடுத்துக்கொண்டு அலுவலகம் போனேன். அதிகாரி பயிற்சிக்குப் போயிருந்தார். அவர் முன்னிலையில்தான் போட வேண்டும். காத்திருந்தேன். மாத்திரையை மறுபடி ஆரம்பித்தால் கை போய்விடும், அதனால் ஆரம்பிக்கவில்லை. அவர் திரும்பி வந்துவிட்டார் என்று ப்யூன் வந்து சொன்ன காலையில், என் கை ஆணி அடித்தது போல் அசையாமல் இருந்தது. நான்தான் எழவில்லை. சட்டையை நீட்டிக்கொண்டு மனைவி நின்றாள். அந்தச் சட்டைக்குள் கையை விடுவது எப்படி என்பது பெரிய காரியமாக இருந்தது. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். மறுநாளும், அதற்கு மறுநாளும்.

"ஏங்க, கை நல்லாத்தானே இருக்குது. எழுந்து போங்களேன்."

"அப்புறம்."

அவள் என் தலையணைக்கு அடியில் இருந்த வெள்ளைத் தாளை எடுத்துப் பார்த்தாள்.

"இத வச்சிகினு நான் இன்னா பண்றது? எழுந்து பல்லு தேய்ங்க, போதும்."

அன்று சாயங்காலம் மலைக்குப் போய்ச் சந்தனம் வாங்கி வந்தாள். முருகனுக்குச் சாத்திய சந்தனத்தை எங்கள் ஊரில் நெற்றியில் இடமாட்டோம். கரைத்துக் குடிப்போம், தீராத நோய்க்கு. ஒரு டம்ளரில் கரைத்து, கூடவே மாத்திரையையும் வைத்தாள். இரண்டையும் சேர்த்து விழுங்கினேன். தினமும் அப்படித்தான். எது வேலை செய்தது என்ற கேள்வியை அவளும் எழுப்பவில்லை, நானும் எழுப்பவில்லை. சில வாரம் கழித்து எழுந்தேன், குளித்தேன். கை நடுங்கியது.

அப்போதுதான் எனக்கு என் தொழில் ஞாபகம் வந்தது. வயதானதாலோ நோயாலோ ஒருவர் கையொப்பம் மாறிவிட்டால், புதிய மாதிரியைச் சான்றொப்பத்துடன் அனுப்பி, பழையதற்குப் பதிலாகப் பதிவு செய்யச் சொல்லலாம். பென்ஷன்காரர்கள் எத்தனையோ பேருக்கு நானே செய்து கொடுத்திருக்கிறேன். எனக்கென்று ஏன் தோன்றவில்லை என்றால், அதெல்லாம் ஆட்களுக்கான வழி, நான் அலுவலகம்.

விண்ணப்பம் எழுதினேன். அதிகாரி முன்னால் மாதிரிகளைப் போட்டேன். ஒன்று மலை ஏறியது, ஒன்று இறங்கியது.

அவர் குனிந்து பார்த்தார். "சார், இதுதான் உங்க கையெழுத்தா?"

"ஆங். இனிமே இதுதான்."

"கொஞ்ச நாள் பொறுத்தா சரியாகிடாதா?"

"சரியானா நான் வரமாட்டேன்."

அவருக்குப் புரிந்ததா என்று தெரியாது. சான்றொப்பம் இட்டு மாவட்டக் கருவூலத்துக்கு அனுப்பினார்.

சித்திரை போயிற்று. வெயிலில் தார் உருகியது. வைகாசியில் ஒரு நினைவூட்டு அனுப்பினேன், ஆனியில் ஒன்று. மாத்திரை, சந்தனத் தண்ணீர், சுவர், சோறு. இடையில் ஒரு நாள் ரசத்தில் உப்பு அதிகம் என்று சொன்னேன். மனைவி அதைத் தம்பிக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறாள், நல்ல செய்தி மாதிரி.

ஆடி பிறந்தது. மலைப்பாதை முழுக்கக் காவடி, ஒலிபெருக்கி, மொட்டைத் தலைகள். அந்தக் கூட்டத்தை நெட்டித் தள்ளிக்கொண்டு அலுவலக ப்யூன் வந்தார், சட்டையெல்லாம் யார் யாரோ பூசிய மஞ்சள்.

"சார், பதில் வந்துடுச்சி."

ஒரே வாக்கியம். புதிய மாதிரி பதிவு செய்யப்பட்டது, மேற்படியாரைப் பணியில் சேர்த்துக்கொள்ளலாம். மகிழ்ச்சி வர வேண்டிய இடம் எது என்று எனக்குத் தெரிந்தது. அது வரவில்லை. அதற்கு நினைவூட்டு அனுப்பும் வழக்கம் இல்லை.

ப்யூன் தபால் புத்தகத்தை நீட்டினார். பெற்றுக்கொண்டேன் என்று கையெழுத்திட்டேன். நடுங்கிக்கொண்டே மேலே ஏறி, கீழே இறங்கி, ஒரு வழியாக முடிந்தது. அவர் அதைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் புத்தகத்தை மூடினார்.

தேதியை மட்டும் போட மறந்துவிட்டேன். அன்று ஆடி பரணி, கிருத்திகைக்கு முதல் நாள்.