கழுவிக் கொண்டுவந்த லேப்டாப்

தஞ்சாவூரில் ஒரு லேப்டாப் சர்வீஸ் கடையில் நான் சேர்ந்த முதல் மழைக்காலம். குத்தாலம் பக்கத்து விவசாயி ஒருவர் மகனின் பழைய லேப்டாப்பை உரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். பள்ளியில் இலவசமாகக் கிடைத்தது.

வெளிநாட்டு வேலைக்குப் போன மகனிடமிருந்து சில மாதங்களாகப் போன் இல்லை. கூட்டிப்போன ஏஜென்ட்டின் முகவரி, விசா நகல் எல்லாம் அதில்தான் இருந்தன. போலீஸில் அவற்றைத்தான் கேட்டிருந்தார்கள்.

முதலாளி ஆன் செய்தார். விண்டோஸ் எழும்பவே நெடுநேரம் ஆனது.

"ரெண்டு ஜிபி ரேம். கறவை நின்ன மாடுங்க இது."

"நின்னா என்ன சார், அடிச்சுத் தொரத்தவா முடியும்? பாருங்க."

வேலை என்னிடம் வந்தது. என் வரிசை எப்போதும் ஒன்றுதான்: முதலில் டிஸ்கைத் தொடாமல் பென்டிரைவிலிருந்து, விண்டோஸுக்குப் பதிலான லினக்ஸ் சிஸ்டத்தில் பூட் செய்வது, அடுத்து ஃபைல்களை நகல் எடுப்பது, அதன் பிறகே புது சிஸ்டத்தை இன்ஸ்டால் செய்வது.

லினக்ஸ் திறந்தது. டிஸ்கில் புது விண்டோஸைத் தவிர ஒன்றுமில்லை.

"ஐயா, இதுக்கு முன்னாடி எங்கயாவது குடுத்தீங்களா?"

"நேத்து எங்க ஊரு கடையில குடுத்து, உள்ள இருந்ததெல்லாம் சுத்தமா தொடச்சு வாங்கிட்டேம்மா. மருந்தடிக்கிற மெஷினை ரிப்பேருக்குக் கொண்டுபோனா டேங்கைக் கழுவிட்டுத்தான குடுப்போம்? அழுக்கோட குடுத்தா உங்களுக்குத்தான சங்கடம்..."

ரெக்கவரி மென்பொருளை ஓடவிட்டேன். ஊர்க் கடைக்காரர் அக்கறையாகவே துடைத்திருந்தார். தப்பியவை சில பாட்டுத் துண்டுகள், திறக்காத பிடிஎஃப்கள், ஒரு போட்டோவின் மேல்பாதி. அதில் தென்னை உச்சிகளும் யாரோ ஒருவரின் தலைமுடியும் தெரிந்தன. கீழே சாம்பல் நிறம்.

"அவன்தாம்மா. வகிடு அவனோடது" என்றார். பிறகு, "அப்ப நான்தான் அழிச்சிட்டனா?"

"அந்தக் கடையில உங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கணுங்க."

அவர் உரச் சாக்கை மடிக்க ஆரம்பித்தார்.

"வேற சிஸ்டம் போட்டா ஓடும்ங்க. போடட்டுமா?"

"போடும்மா. அவன் கூப்பிட்டா இதுல பாக்கணும்ங்கறா அவங்கம்மா."

லினக்ஸை இன்ஸ்டால் செய்தேன். லேப்டாப் வேகமாக எழுந்தது. கேமராவைச் சோதித்தபோது திரையில் அவர் முகமே வந்தது. சட்டென்று மூடிவிட்டார்.

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு: வாடிக்கையாளர் போனில் கேட்டால், மாடல் நம்பரைக் கேட்பதற்கு முன்னால் இதைச் சொல்லுங்கள். "எதையும் தொடாம, அப்படியே கொண்டு வாங்க." எங்கள் கடை வாசலிலும் அதை எழுதி வைத்திருக்கிறோம். ஆனால் வாசலுக்கு வந்த பிறகுதான் அதைப் படிக்க முடியும்.